பீங்கான் பூண்ட காவி

ஆண்டிகள் காவி உடுப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டிமடம் என்று பெயர் படைத்த நம் ஊரில், கை கழுவும் பீங்கான் தொட்டியும் கக்கூஸ் கோப்பையும் கூடச் சந்நியாசம் வாங்கிக்கொண்டு காவி தரித்து நிற்பானேன் என்று நேயர் ஒருவர் நம்மைக் கேட்டிருக்கிறார். கேள்வி வேடிக்கையானதுதான். ஆயினும் கேட்டவர் தம்மை அறியாமலே விடையைத் தொட்டுவிட்டார். துறவிகளின் துணிக்குச் சாயம் ஏற்றுகிற காவிக்கல், இரும்பும் பிராணவாயுவும் கூடி உண்டான வஸ்து. பீங்கானில் படிந்திருக்கும் செம்மஞ்சள் கறையும் அதே குடும்பத்தில் பிறந்ததுதான். ஒன்றைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறோம். மற்றொன்றைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

இதே விஷயமாக வந்திருக்கும் மற்றொரு கடிதத்தில் வேடிக்கைக்கு இடமில்லை. எழுதியவர் ஒரு தாயார். "பெண் பார்க்க வருகிறார்கள். வீடு முழுவதும் வெள்ளை அடித்தாயிற்று. கக்கூஸை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. தினந்தோறும் கழுவுகிறோம், ஆனால் பார்க்கிறவர்கள் கழுவாத வீடு என்றுதான் நினைப்பார்கள். வேலைக்கு வரும் அம்மாள் கடையில் திராவகம் வாங்கி ஊற்றித் தேய்த்தார். அரை மணி நேரம் இருமிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கறை பாதிதான் போயிற்று. மறுபடியும் ஊற்றச் சொல்லலாமா?" என்று கேட்கிறார்.

சொல்லக் கூடாது என்பதே நம் பதில். ஏன் கூடாது, பதிலுக்கு என்ன செய்யலாம் என்பதை இவ்வாரம் சற்று விரிவாகவே எழுத உத்தேசம்.

முதலில் அந்தத் தாயாருக்கு ஓர் ஆறுதல். துருக்கறை அசுத்தம் அன்று. மலத்திலிருந்து வந்ததும் அன்று. சோம்பேறித்தனத்துக்குச் சாட்சியும் அன்று. தண்ணீரில் கரைந்து வந்த இரும்பு அது. ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள பூமியைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகமாக விளக்க வேண்டியதில்லை. முந்திரித் தோப்புகளின் ஊடே நடந்து போனால் வெள்ளை வேஷ்டியின் கரை அரை மைலில் செம்மண் நிறமாகி விடுகிறது. பூகர்ப்ப சாஸ்திரிகள் 'கடலூர் மணற்கல்' என்று பெயரிட்டிருக்கும் படிவம் ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கங்களில் பரவிக் கிடக்கிறது. இந்த மண்ணின் சிவப்பு, இரும்பின் சிவப்பு. மழை நீர் இந்தப் பூமிக்குள் இறங்கி, காற்றுப் புகாத ஆழத்தில் நெடுங்காலம் தங்கியிருக்கும்போது, இரும்பு சிறிது சிறிதாக அதில் கரைகிறது.

அப்படிக் கரைந்திருக்கும் நிலையில் இரும்புக்கு நிறமே கிடையாது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இறைத்தவுடன் தண்ணீர் ஸ்படிகம் போல் இருக்கும். பட்டணத்துக் காற்றுப் பட்டதும் நடையுடை மாறிவிடும் கிராமத்துப் பிள்ளையைப் போல, மேலே வந்து காற்றிலுள்ள பிராணவாயுவைக் கண்டதும் இரும்பின் குணம் மாறுகிறது. முன்பு கரைந்திருந்தது, இப்போது கரையாத செந்நிறத் துகளாகிப் படிகிறது. குழாய் சொட்டுகிற இடத்தில், தொட்டியின் வடிகால் வாயைச் சுற்றி, கோப்பையின் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்திறங்கும் தாரைகளில், எங்கெல்லாம் ஈரமும் காற்றும் ஒருங்கே கூடுகின்றனவோ அங்கெல்லாம் காவி ஏறுகிறது.

எவ்வளவு இரும்பு இருந்தால் கறை உண்டாகும்? ஒரு லிட்டர் தண்ணீரில் 0.3 மில்லிகிராமுக்கு மேற்பட்டாலே துணியிலும் பீங்கானிலும் கறை படியத் தொடங்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. 0.3 மில்லிகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத அற்பம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அற்பம் அன்று. ஒரு தடவை கழுவப் பத்து லிட்டர். ஒரு குடும்பத்தில் நாளொன்றுக்குப் பத்துத் தடவை. வருஷத்துக்கு 365 நாள். பெருக்கினால் சுமார் பதினொரு கிராம் இரும்பு அந்தக் கோப்பை வழியே போகிறது. இரண்டங்குல ஆணிகள் மூன்று நான்கின் எடை! அதில் பெரும்பகுதி வழிந்து போய்விட்டாலும், தங்கும் கொஞ்சமே நமக்குத் தலைவலியாகப் போதும்.

எல்லாக் கறைக்கும் பூமியே பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. பழைய இரும்புக் குழாய் உள்ளே அரித்துப் போயிருக்கலாம். கோப்பையின் மேலே தண்ணீர்ப் பெட்டிக்குள் ஏதோ ஒரு திருகாணி துருப்பிடித்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. காலையில் குழாயை முதன்முதல் திறந்தவுடன் வரும் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரிலும், பத்து நிமிஷம் ஓடவிட்ட பின் வரும் தண்ணீரை மற்றொரு தம்ளரிலும் பிடித்து வையுங்கள். முதல் தம்ளர் பிடிக்கும்போதே கலங்கிச் சிவந்தும், இரண்டாவது தெளிவாகவே நின்றும் இருந்தால் குற்றவாளி குழாய். இரண்டும் தெளிவாக வந்து, சில மணி நேரத்தில் இரண்டும் மஞ்சளித்து அடியில் வண்டல் தங்கினால் குற்றவாளி கிணறு.

இதைவிட ருசிகரமான சோதனை ஒன்றை நாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது வழக்கம். பால் சேர்க்காத தேயிலை வடிநீரில் அந்தத் தண்ணீரை ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், இரும்பு அதிகமாயுள்ள தண்ணீரானால் கருநீலமாகக் கறுத்துவிடும். கடுக்காய் ஊறிய நீரிலும் அப்படியே. இதில் மாயம் ஒன்றுமில்லை. நம் பாட்டன்மார் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை கூட்டி எழுதினார்களே, அதே வித்தைதான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு; கடுக்காயிலும் தேயிலையிலும் உள்ள துவர்ப்புச் சத்து அதனுடன் சேர்ந்தால் மை பிறக்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் காப்பி ஏன் நன்றாயிருப்பதில்லை என்று குறைப்படும் மாமிகளுக்கும் இதிலேயே பாதிப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

நிற்க. தண்ணீர்ப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் சில வீடுகளில் உட்சுவர் முழுவதும் செந்நிறக் கூழ் போல வழுவழுப்பாக அப்பியிருக்கும். இது வெறும் துரு அன்று. இரும்பையே உணவாகக் கொண்டு உயிர் வாழும் நுண்ணுயிர்கள் உலகத்தில் இருக்கின்றன. இது அவற்றின் குடியிருப்பு. தொட்டித் தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்தது போல வானவில் நிறத்தில் ஓர் ஏடு மிதப்பதும் உண்டு. அது எண்ணெய்தானா என்று அறிய ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெயானால் மறுபடி ஒன்று சேர்ந்துகொள்ளும். இந்த நுண்ணுயிர் ஏடானால், உலர்ந்த அப்பளம் போலத் துண்டு துண்டாக உடைந்து, உடைந்தபடியே மிதக்கும். மனிதருக்கு இவற்றால் வியாதி வருவதில்லை. ஆனால் பெட்டியைச் சுரண்டிக் கழுவாமல் கோப்பையை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் வேலைக்கு முடிவு கிடையாது.

இனி, வழக்கமாக நம் வீடுகளில் செய்யப்படும் காரியங்களுக்கு வருவோம். முதலில் சோப்பு. சோப்பும் சலவைச் சோடாவும் எண்ணெய்ப் பசையைப் போக்குவதில் சமர்த்தானவை. துருவில் எண்ணெய்ப் பசை ஏது? மணிக்கணக்காகத் தேய்த்தாலும் தோள்தான் நோகும். அடுத்தது இரும்பு நார், உப்புத்தாள், கத்தி. பீங்கானின் பளபளப்புக்குக் காரணம் அதன் மேல் கண்ணாடி போல உருகிப் படிந்திருக்கும் மெல்லிய பூச்சு. நமக்கு அருகிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருப்பதால், அந்தச் சூளைகளைப் பார்த்த நேயர்களுக்கு இது தெரிந்தே இருக்கும். கறை அந்தப் பூச்சின் மேலே உட்கார்ந்திருக்கிறதே தவிர உள்ளே போகவில்லை. இரும்பு நாரால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழுகிறது; கீறலுக்குள் அடுத்த கறை புகுந்து நிரந்தர வாசம் செய்கிறது. போதாததற்கு நாரிலிருந்து உதிரும் இரும்புத் தூள் வேறு ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கிறது. திருடனைப் பிடிக்கத் திருடனையே காவல் வைத்த கதைதான்.

மூன்றாவது, பிளீச்சிங் பவுடர். வெள்ளை வெளேர் என்றிருக்கும் இந்தப் பொடி எந்தக் கறையையும் வெளுக்கும் என்று நம் மாதர்கள் நம்பியிருக்கிறார்கள். மஞ்சள் கறைக்கும் வெற்றிலைக் கறைக்கும் அது சரி. துருவுக்கு நேர் விரோதம். காற்றிலுள்ள பிராணவாயு மெதுவாகச் செய்யும் வேலையைப் பிளீச்சிங் பவுடர் க்ஷணத்தில் செய்துவிடுகிறது. கரைந்திருக்கும் இரும்பையும் துருவாக்கிப் பீங்கானில் பதிய வைத்துவிடுகிறது. வேஷ்டியில் விழுந்த துருப்புள்ளியும் இதனால்தான் பிளீச்சிங் போட்ட பின் முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

கறை போகவில்லையே என்று இதன் மேல் திராவகத்தையும் ஊற்றும்போதுதான் அபாயம் பிறக்கிறது. கடிதம் எழுதிய தாயாரின் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் இருமியதற்குத் திராவகத்தின் ஆவி மட்டுமே காரணமா, அதற்கு முன்பே கோப்பையில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்களா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. போட்டிருந்தார்களானால் அந்த அம்மாள் உயிர் தப்பியதே பெரிது. பிளீச்சிங் பவுடரும் எந்த அமிலமும் கூடினால் குளோரின் என்னும் வாயு கிளம்பும். 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்திலுள்ள ஈப்ரே என்னும் இடத்தில், ஜெர்மானியர் எதிரிப் படைகளின் மேல் யுத்த ஆயுதமாக அவிழ்த்துவிட்ட வாயு அதுதான். போர்க்களம் திறந்த வெளி. நம் கக்கூஸோ நான்கடிக்கு நான்கடி அறை. ஒரு சிறு ஜன்னல். பெரும்பாலும் அதுவும் சாத்தியிருக்கும். குனிந்து தேய்ப்பவரின் முகம் கோப்பையிலிருந்து ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது. உப்புத் திராவகத்தோடுதான் இந்த ஆபத்து என்று எண்ண வேண்டாம். எலுமிச்சை ரசமும் காடியும் கூட அமிலமே. சிறுநீர் தங்கிய கோப்பையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாலும் வேறொரு விஷ வாயு உண்டாகும். ஒன்றை உபயோகித்தால் ஏராளமான தண்ணீர் விட்டுக் கழுவி, மற்றொன்றை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வதே உத்தமம்.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. குளோரினை 1774-இல் முதன்முதல் தனியே பிரித்துக் கண்டவர் ஸ்வீடன் தேசத்து மருந்துக் கடைக்காரர் ஷீலே என்பவர். புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தை 1769-இலும், எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தை 1784-இலும் பிரித்தெடுத்தவரும் அவரேதான். நம் ஸ்நான அறையில் சேர்க்கக் கூடாத இரண்டு கட்சிகளும் ஒரே மனிதரின் மேஜையிலிருந்து புறப்பட்டவை! புதிதாகக் கண்ட வஸ்துக்களை முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பது அவர் வழக்கம் என்பார்கள். 1786-இல், நாற்பத்து மூன்றாவது வயதிலேயே அவர் காலமானார்.

சரி, கறையைப் போக்க என்னதான் வழி? வழி அடுக்களையில் இருக்கிறது. பித்தளைக் குடத்தையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் துலக்கத் தெரிந்த எந்தக் கிருகிணிக்கும் பாதி ரஸாயன சாஸ்திரம் கைவசம் உண்டு. புளிப்புள்ள பொருள் எல்லாம் துருவைக் கரைக்கும். ஆனால் சிட்ரிக் அமிலம், டார்டாரிக் அமிலம், ஆக்ஸாலிக் அமிலம் ஆகிய மூன்றுக்கும் ஒரு விசேஷ குணம் உண்டு. அவை இரும்பைக் கரைப்பதோடு நில்லாமல், நண்டு தன் கொடுக்கால் கவ்வுவது போல இரும்பணுவை இரு புறமும் கவ்விப் பிடித்துக்கொண்டு மறுபடி படியவிடாமல் தண்ணீரோடு கொண்டு போய்விடுகின்றன. உவமை நம்முடையது அன்று. 1920-இல் இவ்வகைச் சேர்க்கைகளுக்குப் பெயர் சூட்டிய மார்கன், ட்ரூ என்னும் ஆங்கில ரஸாயனிகள், நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அந்தப் பெயரை எடுத்தார்கள்.

கை கழுவும் தொட்டியில் புதிதாக விழுந்த கறைக்கு ஓர் எலுமிச்சம் பழ மூடியும் ஒரு சிட்டிகை கல்லுப்பும் போதும். உப்பைத் தூவி, மூடியால் தேய்த்து, அரை மணி நேரம் உலராமல் வைத்திருந்து, தேங்காய் நாரால் துடைத்தால் போய்விடும். சாறு பிழிந்த மூடிகளைக் குப்பையில் எறியாமல் சேர்த்து வைத்துக்கொண்டால் செலவும் இல்லை.

நாட்பட்ட கறைக்கு இது போதாது. மளிகைக் கடையிலோ மருந்துக் கடையிலோ சிட்ரிக் அமிலம் என்று கேட்டால் சர்க்கரை போன்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேஜைக்கரண்டி கரையுங்கள். இதைக் கறையின் மேல் வெறுமனே ஊற்றினால் வழிந்தோடிவிடும்; வேலை நடக்க அவகாசம் வேண்டும். பழந்துணியை அந்த நீரில் தோய்த்து, கறையின் மேல் பற்றுப் போடுவது போலப் பரப்பி, உலர்ந்துவிடாமல் மேலே ஒரு பாலிதீன் தாளை மூடிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் துணி மஞ்சளித்திருக்கும், பீங்கான் வெளுத்திருக்கும். துருவைத் துணி வாங்கிக்கொண்டது என்பதற்கு அந்த மஞ்சளே அத்தாட்சி. சிட்ரிக் அமிலம் அகப்படாத ஊரில், பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து அப்பி இரவு முழுவதும் வைக்கலாம். நேரம்தான் சற்று அதிகமாகும்.

கக்கூஸ் கோப்பைக்கு வரும்போது, வேலை கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. கோப்பையின் அடியில் நிற்கும் தண்ணீரை அகற்றாமலே மருந்தை ஊற்றுகிறார்கள். அரை லிட்டர் கரைசல் இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்தால் என்ன வீரியம் மிஞ்சும்? ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஒரே வீச்சில் ஊற்றினாலும், பழந்துடைப்பத்தால் உள்ளே தள்ளினாலும் நிற்கும் நீர் பெரிதும் இறங்கிவிடும். பிறகு கரைசலை இரவு எல்லோரும் படுத்த பின் ஊற்றி, விளிம்பின் கீழே தண்ணீர் வழியும் துவாரங்களில் நனைந்த துணித் துண்டுகளைச் செருகி வைத்துவிட வேண்டும். காலையில் துணிகளை மறவாமல் எடுத்துவிட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவலாம். பத்து வருஷத்துக் கறையானால் மூன்று நான்கு இரவு இப்படிச் செய்ய நேரும். அவசரப்பட்டுப் பயனில்லை.

இதற்கும் மசியாத கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம். இது புளியாரைக் கீரையில் இருப்பது. அந்தச் செடியின் லத்தீன் குலப்பெயரே அமிலத்துக்கும் பெயராயிற்று. கீரையில் இருக்கிறதே என்று எளிதாக நினைத்துவிட வேண்டாம். கடையில் பொடியாக விற்கப்படும்போது இது விஷம். உள்ளே போனால் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பளிங்காகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். பார்வைக்கோ உப்பும் சர்க்கரையும் போலவே இருக்கும். ஆகவே ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ ஊறுகாய் ஜாடியிலோ போட்டு வைக்கவே கூடாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேஜைக்கரண்டி போதும். ரப்பர்க் கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வைக்காமல், வேண்டுமட்டும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டிய அளவு மட்டும் வாங்கி, மீதி இல்லாமல் அன்றே முடித்துவிடுவது நல்லது.

உப்புத் திராவகமும் துருவைக் கரைக்காமல் இல்லை. வெகு சீக்கிரமாகவே கரைக்கும். அதனால்தான் அதற்கு இத்தனை செல்வாக்கு. ஆனால் அது துருவோடு நிற்பதில்லை. ஓடுகளுக்கு இடையே பூசியிருக்கும் சிமெண்டையும் தின்கிறது. நம் ஜில்லாவின் பெருமையே அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்தான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே அலை மோதிய கடலின் சிப்பியும் சங்கும் சேர்ந்து கல்லாகி, சூளையில் வெந்து சிமெண்டாகி நம் வீட்டுக்கு வருகின்றன. அதன் மேல் திராவகம் பட்டவுடன் புசுபுசுவென்று நுரைக்கிறதே, அதை அழுக்கு நீங்குகிறது என்று எண்ணி நாம் சந்தோஷப்படுகிறோம். உண்மையில் நீங்குவது நம் பணம். இடுக்குகள் திறந்து, கசிவு உண்டாகி, கீழ்ச் சுவர் ஈரிக்கும். எவர்சில்வர்க் குழாயும் புள்ளி புள்ளியாக அரிக்கும். அடிக்கடி ஏராளமாக ஊற்றினால் மலத்தொட்டிக்குள் கழிவைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் மடியும். செரிக்காத தொட்டி சீக்கிரம் நிரம்பும். நிரம்பிய தொட்டியைக் காலி செய்ய யாரோ ஒருவர் வர வேண்டும். பாதுகாப்பின்றி மனிதரை அதற்குள் இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆயினும் தொட்டியில் இறங்கி மாண்டவர்களின் செய்தி பத்திரிகைகளில் நின்றபாடில்லை.

அதே 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், பெண்களின் மேல் திராவகம் வீசும் கொடுமையை ஒட்டி, சுப்ரீம் கோர்ட்டார் ஓர் உத்தரவு இட்டார்கள். வாங்குவோரின் அடையாளச் சீட்டைப் பார்த்துப் புஸ்தகத்தில் பதியாமல் திராவகம் விற்கலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்பது அதன் சாரம். அந்த உத்தரவு எவ்வளவு தூரம் அனுசரிக்கப்படுகிறது என்பதை அவரவர் தெருமுனைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம். பழைய குடிதண்ணீர்ப் பாட்டிலில் பெயர்ச்சீட்டு இல்லாத திராவகம் வாங்கி வந்து, ஸ்நான அறையின் மூலையில் வைத்திருக்கும் வீடுகளை நாமே பார்த்திருக்கிறோம். தாகத்தோடு விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர்ப் பாட்டில்தானே?

நமது தொழில் உபாத்தியாயத் தொழிலாகையால் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் அறிந்த ஒரு பள்ளியில் பெண் குழந்தைகளின் கழிப்பறை தினந்தோறும் கழுவப்பட்டு வந்தது. ஆயினும் கோப்பைகளில் செக்கச்செவேலென்று கறை. புதிதாகச் சேர்ந்த சிறுமிகள் அதை இரத்தம் என்று எண்ணிப் பயந்தார்கள். பெரிய பெண்கள் அருவருத்து உள்ளே போகாமல் இருந்தார்கள். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அடக்கிக்கொள்வது. அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. பிறகு தலைவலி, நீர்க்கடுப்பு, பரீட்சை நாளில் லீவு. வைத்தியரிடம் போன பிறகுதான் ஒரு பெண்ணின் தாயார் மூலமாக விஷயம் வெளியே வந்தது. இரண்டு கிலோ சிட்ரிக் அமிலமும் ஒரு வாரத்து இரவுகளும் அந்தக் கறையைப் போக்கின. கழுவும் அம்மாளோடு இரண்டு உபாத்தியாயினிகளும் கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். அதைக் கண்டு அலுவலகத்தில் சிலர் முகம் சுளித்தார்களாம். 1901-ஆம் வருஷம் கல்கத்தாக் காங்கிரஸில் பிரதிநிதிகளின் கக்கூஸ் நாறிக் கிடந்தபோது, மகாத்மா காந்தி ஒரு துடைப்பத்தைத் தேடி எடுத்துத் தாமே கழுவினார். அன்று அவர் துடைப்பம் கேட்டபோது அங்கிருந்தவர் வியந்து விழிக்கத்தான் செய்தார். 'கக்கூஸ்' என்ற சொல்லைக் கூட டச்சுக்காரரிடமிருந்து கடன் வாங்கினோம் என்கிறார்கள். வேலையையும் யாரிடமாவது தள்ளிவிட்டுத் திரும்பிக்கொள்வது என்று எப்போதோ தீர்மானித்துவிட்டோம் போலிருக்கிறது.

கறை போன பிறகு, அது திரும்பி வராமல் இருக்க வேண்டுமானால் தண்ணீரையே கவனிக்க வேண்டும். இரும்பு காற்றுப் பட்டால் படியும் என்று சொன்னோம் அல்லவா? அந்தப் படிதலைக் கோப்பைக்குள் நடக்கவிடாமல் முன்னதாகவே நடத்திவிடுவதுதான் தந்திரம். மோட்டார் தண்ணீர் மேல்தொட்டிக்குள் குழாய் வழியாக அடியில் போய் விழாமல், தொட்டியின் உச்சியிலிருந்து பூவாளி போலச் சிதறி விழும்படி செய்தால், விழும்போதே காற்றை வாரிக்கொள்ளும். ஓர் இரவு நின்றால் செம்மண்டி அடியில் தங்கிவிடும். வெளியேறும் குழாய் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து ஆறங்குல உயரத்தில் இருந்தால் மண்டி கீழேயே நிற்கும். மாதம் ஒரு முறை அதைத் தனி வடிகால் வழியே வெளியேற்றிவிடலாம். அஸ்ஸாம் தேசத்துக் கிராமங்களில் மணலும் கரியும் அடுக்கிய தொட்டிகளில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி இரும்பை வடிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கூரையில் விழும் மழை நீரைச் சேமிப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆகாயத்தில் இரும்பு இல்லை.

சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றிவிடுங்கள். தொட்டியில் இரவில் ஈரம் தங்காமல் ஒரு துணியால் துடைத்துவிட்டுப் படுங்கள். வாரம் ஒரு முறை அரைத் தம்ளர் சிட்ரிக் அமிலக் கரைசலைக் கோப்பையில் சுற்றி ஊற்றி வைத்தால் பழைய கதை ஆரம்பமாகாது.

கடிதம் எழுதிய தாயாருக்கு: பெண் பார்க்க வருவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும். இன்றிரவே தொடங்குங்கள். மிச்சமிருக்கும் திராவகத்தைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். வாங்கிய கடையிலேயே, பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு வரும் அம்மாளுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லையானால், கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், என்ன ஊற்றினார் என்பதை டாக்டரிடம் சொல்லிக் காட்டுங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள்.

குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் உப்புக் காறையைப் பற்றிக் கேட்டிருக்கும் உடையார்பாளையம் நேயருக்கு அடுத்த வாரம் பதில் எழுதுகிறோம்.